அக்குபஞ்சர் புள்ளிகள்: எதற்குக் கைகொடுக்கும், எதற்குக் கைகொடுக்காது?

(பங்சாரில் ஒளிப்பதிவான தொலைக்காட்சி அரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 வார இறுதி நெரிசலையும் தாண்டி பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பங்சாருக்கு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும், வீட்டிலிருந்து பார்க்கவிருக்கும் நேயர்களுக்கும் என் நன்றி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல. படித்தது பொதுமக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா. மருத்துவர்களையும் சின்சேக்களையும் சித்த வைத்தியர்களையும் எதிரில் உட்காரவைத்து, நீங்கள் கேட்க நினைக்கும் கேள்விகளைக் கேட்பது என் தொழில். அந்தத் தொழிலில் ஓயாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "அக்குபஞ்சர் செய்துகொள்ளலாமா?" என்பதுதான் அது. இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கிடையாது. எந்தப் புள்ளி, எந்த நோய், யாருடைய கை என்ற மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நமக்குச் சீன வைத்தியம் அந்நியமானது அல்ல. இந்தப் பங்சாரையே எடுத்துக்கொள்ளுங்கள். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயரைச் சேர்த்து வந்த பெயர் இது என்பார்கள். இன்று கோப்பிக் கடைகளும் அடுக்குமாடிகளும் நிற்கும் இடத்தில் அன்று நம்மவர்கள் பால்மரம் வெட்டினார்கள். கால் சுளுக்கினால் சின்சேயிடம் போவதும், உடம்புச் சூட்டுக்குச் சீனர் கடையில் மூலிகைத் தண்ணீர் வாங்கிக் குடிப்பதும் தோட்டப்புறத்திலிருந்து நம்மோடு வந்த பழக்கங்கள். கோலாலம்பூர் ஜாலான் புடுவில் உள்ள துங் ஷின் மருத்துவமனை, 1881ஆம் ஆண்டு காப்பிட்டான் யாப் குவான் செங் தொடங்கிவைத்த சீன வைத்திய நிலையத்திலிருந்து வளர்ந்தது. இன்றும் அங்கே நவீன மருத்துவமும் சீன மருத்துவமும் ஒரே நிறுவனத்தில் இருக்கின்றன. ஆக, ஊசி வைத்தியம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அதைப் பற்றிய தெளிவு நமக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

361 புள்ளிகள்

சீன வைத்தியத்தின்படி உடம்பில் 'சீ' என்னும் உயிராற்றல் சில பாதைகள் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாதை அடைபட்டால் நோய், திறந்துவிட்டால் சுகம். கேட்டவுடன் நமக்குப் பிராணன், நாடி என்றெல்லாம் நினைவுக்கு வரும். ஒப்பிடலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நம்முடைய பஞ்சபூதம் நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். அவர்களுடைய ஐந்து மரம், தீ, மண், உலோகம், நீர். காற்றும் ஆகாயமும் அங்கே இல்லை, மரமும் உலோகமும் இங்கே இல்லை.

முக்கியப் பாதைகள் 14. அவற்றில் 12 பாதைகள் உடம்பின் இரு பக்கமும் ஓடுகின்றன. மற்ற இரண்டில் ஒன்று முன்பக்க நடுக்கோட்டிலும், ஒன்று முதுகு நடுக்கோட்டிலும் போகின்றன. இந்த 14 பாதைகளிலும் சேர்த்து உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட புள்ளிகள் 361. சிறுநீர்ப்பைப் பாதையில் மட்டும் 67 புள்ளிகள். இதயப் பாதையில் ஒன்பதுதான். இவை தவிர, பாதைகளில் சேராத தனிப் புள்ளிகளும் உண்டு.

ஒரு புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது? சென்டிமீட்டர் அளவு இதற்கு உதவாது. 'சுன்' என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நோயாளியின் சொந்தக் கட்டைவிரல் அகலம் ஒரு சுன். நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் மூன்று சுன். குட்டையானவருக்கு அவருடைய விரல், நெட்டையானவருக்கு அவருடைய விரல். நம் முன்னோர் 'விரற்கடை' என்று அளந்தார்களே, அதே அறிவுதான்.

வெண்கல மனிதன் வைத்த பரீட்சை

புள்ளியின் இடம் தவறக்கூடாது என்பதில் பழைய சீன வைத்தியர்கள் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன்.

சோங் அரச வம்சக் காலத்தில், 1027ஆம் ஆண்டையொட்டி, வாங் வெய்யி என்ற அரச வைத்தியரின் மேற்பார்வையில் ஆள் உயர வெண்கலச் சிலை வார்க்கப்பட்டது. புள்ளி இருக்கும் இடங்களிலெல்லாம் துளை. பரீட்சை நாளில் சிலையின் மேல் மெழுகு பூசித் துளைகளை மறைத்துவிடுவார்கள். உள்ளே திரவத்தை நிரப்புவார்கள். மாணவன் சொல்லப்பட்ட புள்ளியில் ஊசியைக் குத்த வேண்டும். சரியான இடம் என்றால் திரவம் கசியும். தவறான இடம் என்றால் ஊசி உள்ளே இறங்காது. பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் முடிவு தெரிந்துவிடும்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இப்படிச் சோதித்துத்தான் வைத்தியரை அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வார இறுதி வகுப்புக்குப் போய்விட்டு ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் ஒருவரிடம் கையை நீட்டும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவ்வளவு கறார் இருந்தும், நூற்றாண்டுகள் போகப் போகச் சீனா, ஜப்பான், கொரியா மூன்று நாடுகளிலும் சில புள்ளிகளின் இடம் மாறிப்போனது. 2003 முதல் 2006 வரை அந்நாட்டு வல்லுநர்கள் உலகச் சுகாதார நிறுவனத்தின் மேற்கு பசிபிக் அலுவலக ஏற்பாட்டில் கூடிப் பேசினார்கள். 92 புள்ளிகளில் கருத்து வேறுபாடு இருந்தது. 86இல் உடன்பாடு வந்தது. ஆறு புள்ளிகளுக்கு இரண்டு இடங்கள் என்று பதிவு செய்துவிட்டு 2008இல் நூலாக வெளியிட்டார்கள். வேறுபாட்டை மறைக்காமல் எழுதி வைத்தார்கள் பாருங்கள், அந்த நேர்மை நமக்கும் வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் சில புள்ளிகள்

அடிக்கடி பயன்படும் சில புள்ளிகளை மட்டும் சொல்கிறேன். இவை சீன மரபு சொல்லும் பயன்கள். ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே புறங்கையில் சதை மேடாக இருக்கிறதல்லவா, அங்கே இருப்பது 'ஹெகு'. தலைவலி, பல்வலி, முகம் சார்ந்த தொல்லைகளுக்கு முதலில் தேடும் புள்ளி இதுதான்.

முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். அதிலிருந்து நான்கு விரல் கீழே, கணைக்கால் எலும்பை விட்டு ஒரு விரல் வெளியே வந்தால் 'ஸு சான் லி'. வயிற்றுத் தொல்லை, சோர்வு, கால் அசதி ஆகியவற்றுக்கு உரியது. காலில் ஊசி போட்டால் வயிறு எப்படிக் குணமாகும் என்று கேட்பீர்கள். வயிற்றுப் பாதை முகத்தில் தொடங்கிக் கால்விரல் வரை போகிறது, பாதையில் எங்கே தொட்டாலும் அது வயிற்றுக்குச் சேதி சொல்லும் என்பது அவர்கள் விளக்கம்.

முழங்காலின் பின்பக்க மடிப்பு நடுவில் 'வெய் ஸோங்'. இடுப்புவலி, முதுகுவலிக்கு. உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே 'சான் யின் ஜியாவ்'. மாதவிடாய் தொடர்பான தொல்லைகளுக்கு.

உள் மணிக்கட்டு ரேகையிலிருந்து நோயாளியின் மூன்று விரல் அகலம் மேலே வந்தால், இரண்டு தசைநார்களுக்கு நடுவே 'நெய் குவான்'. 'உள் வாயில்' என்று பொருள். குமட்டல், வாந்திக்கு உரியது. கப்பல், பேருந்துப் பயணத்தில் வாந்தி வருபவர்கள் மணிக்கட்டில் குமிழ் வைத்த பட்டை கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குமிழ் அழுத்துவது இந்தப் புள்ளியைத்தான்.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹெகு, சான் யின் ஜியாவ் இரண்டையும் கர்ப்பிணிகளுக்குத் தொடக்கூடாது என்பது சீன மரபிலேயே உள்ள எச்சரிக்கை. ஆகையால், வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஊசிதான் வேண்டும் என்றில்லை. புள்ளிகளை விரலால் அழுத்துவதும் ஒரு முறை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில், பார்வையற்ற பிடிப்பாளர்கள் எத்தனை பேருடைய கழுத்துவலியையும் தோள்வலியையும் விரல் நுனியாலேயே தணித்து அனுப்புகிறார்கள்! கைத்தொழிலாக அதைக் கற்று, அதில் குடும்பம் நடத்துபவர்கள் அவர்கள்.

போதிதருமர் கொண்டுபோனதா?

இப்படிப் பேசும்போதெல்லாம் அவையிலிருந்து ஒரு குரல் வரும். "இது நம்முடைய வர்மக்கலைதானே? காஞ்சியிலிருந்து போதிதருமர் கொண்டுபோய்க் கொடுத்ததுதானே?" 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது.

உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. போதிதருமர் சீனாவுக்குப் போனது கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டு என்பார்கள். ஊசி வைத்தியத்தையும் பாதைகளையும் விளக்கும் 'மஞ்சள் பேரரசரின் உள் நூல்' கி.மு. இரண்டு, ஒன்றாம் நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்டது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி என்பவர் 349 புள்ளிகளை வகைப்படுத்தி எழுதிவிட்டார். அதாவது, போதிதருமர் போய்ச் சேர்வதற்கு முன்பே அங்கே புள்ளிகள் இருந்தன.

நம் வர்மம் தனி மரபு. அகத்தியர் பெயரால் வழங்கும் சுவடிகளில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று 108 வர்மங்கள் சொல்லப்படுகின்றன. அடிபட்டால் உயிருக்கு ஆபத்தான இடம் எது, அடிபட்டவரை மீட்பது எப்படி என்பது அதன் அடிப்படை. கன்னியாகுமரி வட்டாரத்து ஆசான்கள் அதைக் காத்து வந்தார்கள். நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளின் பாரம்பரிய சிகிச்சைப் பட்டியலிலும் வர்மம் இடம்பெற்றிருக்கிறது. அடுத்தவர் சொத்தை நமது என்று சொல்லாமலேயே நாம் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

ஒரு செய்தி திரிந்த கதை

என் துறை சார்ந்த ஒரு சம்பவம். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங் போயிருந்தார். அங்கே அவருக்குக் குடல்வால் அழற்சி வந்து அறுவை நடந்தது. அறுவைக்கு வழக்கமான மரத்துப்போகும் மருந்துதான் கொடுத்தார்கள். மறுநாள் இரவு வயிறு உப்பி வேதனைப்பட்டபோது, முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி வைத்தார்கள். வேதனை குறைந்தது என்று அவர் உள்ளபடி எழுதினார். ஜூலை 26ஆம் தேதி அது முதல் பக்கத்தில் வந்தது. மேற்கு நாடுகளில் அக்குபஞ்சர் ஆர்வம் பெருக அந்தக் கட்டுரை பெரிய காரணம்.

ஆனால் வாய்மாறி வாய்மாறி, "மயக்க மருந்தே இல்லாமல் வெறும் ஊசி வைத்தே ரெஸ்டனுக்கு வயிற்றை அறுத்தார்கள்" என்று பலர் நம்பும் அளவுக்குக் கதை வளர்ந்துவிட்டது. அவர் எழுதாத ஒன்று அவர் பெயரிலேயே உலாவியது.

சோதனைகள் சொல்வது

நெய் குவான் புள்ளியை மருத்துவ உலகம் நிறையவே சோதித்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டல், வாந்தி பற்றி 2015இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 59 சோதனைகளை, 7,667 பேரை எடுத்துப் பார்த்தது. இந்தப் புள்ளியைத் தூண்டினால் வாந்தி குறைகிறது, பலன் வாந்தி மருந்துக்குக் கிட்டத்தட்ட நிகராக இருக்கிறது என்றது. சில சோதனைகளின் தரம் போதாது என்பதையும் சேர்த்தே சொன்னது.

முதுகுவலிக்கு ஜெர்மனியில் ஒரு பெரிய சோதனை நடத்தி 2007இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 1,162 நோயாளிகள், மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்குச் சீன முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி. இன்னொரு பிரிவுக்குப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாம் பிரிவுக்கு மருந்தும் உடற்பயிற்சியும் அடங்கிய வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சரியான புள்ளியில் குத்தியவர்களில் 47.6 விழுக்காட்டினருக்கு நல்ல பலன். புள்ளி அல்லாத இடத்தில் குத்தியவர்களில் 44.2 விழுக்காடு. வழக்கமான சிகிச்சையில் 27.4 விழுக்காடு.

இதை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். ஊசி வைத்தவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. ஆனால் இடம் மாறிக் குத்தியும் ஏறக்குறைய அதே பலன் வந்ததே! அப்படியானால் ஊசி பட்டதும் உடம்பு காட்டும் எதிர்வினை, வைத்தியர் கொடுக்கும் நேரமும் அக்கறையும், குணமாகும் என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன என்று எண்ண இடமிருக்கிறது. பின்னர் 2018இல் 39 சோதனைகளின் 20,827 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், நாள்பட்ட வலிக்குச் சரியான ஊசி போலி ஊசியை விடச் சற்றே மேல் என்று தெரிந்தது. சற்றே என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

நாள்பட்ட முதுகுவலி, முழங்கால்வலி, தலைவலி, குமட்டல் என்று வந்தால் அக்குபஞ்சரை முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. இனிப்பு நீரையும் சிறுநீரகக் கோளாறையும் புற்றுநோயையும் புள்ளியில் குத்தியே போக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு ஆதாரம் இல்லை.

பத்து விரல் நுனியும் பறிபோகும் நேரமும்

இப்போது, இந்த மேடைக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

முன்பு மின்னஞ்சலில் சுற்றிய ஒரு தகவல் இன்று புலனத்தில் சுற்றுகிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் அவரை அசைக்காமல், தையல் ஊசியை நெருப்பில் காட்டிப் பத்து விரல் நுனியிலும் குத்தி ரத்தம் வரவைக்க வேண்டுமாம். வாய் கோணியிருந்தால் காது மடலிலும் குத்த வேண்டுமாம். தெளிந்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமாம். யாரோ ஒரு சீன வைத்தியர் சொன்னதாக வேறு இருக்கும்.

இதில் ஆபத்து என்னவென்றால், அந்தப் பத்து விரல் நுனிகளும் உண்மையிலேயே சீன வைத்தியத்தில் உள்ள புள்ளிகள்தாம். 'ஷி ஷுவான்' என்று பெயர். 361இல் சேராத தனிப் புள்ளிகள். மயக்கம், கடும் காய்ச்சல் போன்றவற்றுக்குப் பழைய மரபு அவற்றைச் சொல்கிறது. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் முழுப் பொய்யும் நம்பப்படுகிறது.

பக்கவாதத்தில் நடப்பது என்ன? மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது, அல்லது வெடிக்கிறது. இரண்டில் எது என்பது சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பு என்றால் அதைக் கரைக்கும் மருந்து இருக்கிறது. அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். பெரிய குழாய் அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் மடிகின்றன என்பது கணக்கு. விரல் நுனியில் குத்தினால் மூளைக்குள் இருக்கும் அடைப்பு திறக்காது. ஊசியைத் தேடி, நெருப்பில் காட்டி, பத்து விரலையும் குத்தி, தெளிகிறாரா என்று பார்த்து நிற்கும் அரை மணி நேரத்தில் ஒருவருடைய பேச்சு போய்விடலாம். வாழ்நாள் முழுக்க ஒரு கை வழங்காமல் போய்விடலாம்.

ஆகவே முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தூக்க முடியாமல் விழுகிறதா, பேச்சு குழறுகிறதா, உடனே 999. அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அந்தத் தகவல் மறுபடி உங்கள் கைப்பேசிக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவர் மாமாவாக இருந்தாலும் சரி, ஆலயக் குழுத் தலைவராக இருந்தாலும் சரி, "ஐயா, இது தவறு" என்று மரியாதையாகப் பதில் எழுதுங்கள்.

பக்கவாதம் வந்து உயிர் பிழைத்து, நிலை சீரான பிறகு, கைகால் பயிற்சியோடு சேர்த்து அக்குபஞ்சர் செய்துகொள்வது வேறு விஷயம். அதற்கு நம் அரசாங்க மருத்துவமனைகள் சிலவற்றிலேயே வசதி இருக்கிறது. 2007இல் பினாங்கு கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கிய பாரம்பரிய மருத்துவப் பிரிவு, பிறகு புத்ராஜெயா, ஜொகூர் பாரு என்று பரவியது. மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தோடு போகலாம்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனத்துக்கு

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. இந்த அரங்கில் மூன்று பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனிப்பு நீர் நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும். சீன வைத்தியத்தில் புள்ளியின் மேல் மூலிகைச் சூடு காட்டும் முறை ஒன்று உண்டு. உணர்ச்சி உள்ளவர் சூடு அதிகமானால் காலை இழுத்துக்கொள்வார். உணர்ச்சி இல்லாதவருக்குத் தோல் வெந்த பிறகும் தெரியாது. சின்னக் கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, விரலை எடுக்க வேண்டிய நிலை வந்த குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? ஆகவே இனிப்பு நீர் இருப்பதைச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லுங்கள். அதேபோல் சின்சேயிடம் போவதையும் அவர் கொடுக்கும் மூலிகையையும் கிளினிக் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயப்படுகிறோம். திட்டினால் திட்டட்டும், மருந்தோடு மருந்து மோதாமல் இருந்தால் போதும்.

ஊசிக்கு முன் நான்கு கேள்வி

2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் நம் நாட்டில் வந்தது. மலாய், சீன, இந்திய மருத்துவம் உட்பட ஏழு துறைகள் அதன் கீழ் வருகின்றன. பதிவு பெற்றவர்தான் தொழில் செய்ய வேண்டும். யுடிஏஆர் போன்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களே சீன மருத்துவத்தில் பட்டம் கொடுக்கின்றன. ஆகவே கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

"உங்கள் பதிவுச் சான்றிதழைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். "ஊசி புதியதா, என் கண் முன்னால் பிரிப்பீர்களா?" என்று கேளுங்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் கல்லீரல் தொற்று பரவலாம். "எந்தப் புள்ளி, எவ்வளவு ஆழம், என்ன ஆபத்து?" என்று கேளுங்கள். தோள் மேலும் நெஞ்சிலும் ஆழம் தவறினால் ஊசி நுரையீரலைத் தொட்டுவிடும். கடைசியாக, "எத்தனை முறை வந்தால் பலன் தெரியும், தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். "ஆஸ்பத்திரி மருந்தையெல்லாம் நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று சொல்பவர் எவராக இருந்தாலும், எந்த இனத்தவராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

வந்திருக்கும் அனைவரும் வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்ய வேண்டும். ஒரு தாளில் வீட்டுப் பெரியவர்களின் பெயர், அவர்களுக்கு உள்ள நோய், சாப்பிடும் மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். அருகில் பக்கவாத சிகிச்சை உள்ள மருத்துவமனை எது என்பதை விசாரித்து அதையும் எழுதி, 999 என்ற எண்ணோடு குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். சின்சேயிடம் போனாலும் கிளினிக்குக்குப் போனாலும் அந்தத் தாளைப் படம் பிடித்துக் கையோடு கொண்டு போங்கள்.

 உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மருத்துவர் ஒருவரும் பதிவு பெற்ற சின்சே ஒருவரும் மேடைக்கு வருகிறார்கள். தயங்காமல் கேளுங்கள்.